ஆர்டிஸ் நிற்காத தேர்தல்

வியாழக்கிழமை காலையில் என் பார்லரின் இரண்டு நாற்காலிகளிலும் ஒரே குடும்பத்துப் பெண்கள்தான். ஒன்றில் ஆர்டிஸ் டோர்கெல்சன். இன்னொன்றில் அவள் புருஷனின் தங்கை மார்லிஸ். நாத்தனாரும் அண்ணியும் வேறு வேறு நாளில் வரட்டும் என்று மாற்றிவிட எனக்குத் தெரியாமல் இல்லை. வேண்டுமென்றேதான் மாற்றவில்லை. மினசோட்டாவின் மேற்கு ஓரத்தில், சோளக்காட்டுக்கு நடுவே, நோர்பெக் மாதிரி ஒரு ஊரில் கடை வைத்திருக்கிறவளுக்கு வாரத்தில் ஒரு நாளாவது பொழுது போக வேண்டாமா?

முகத்துக்கு நேரே பார்த்தால் எங்கள் ஊர்க்காரர்கள் எதையும் காட்டிக்கொள்ள மாட்டார்கள். வீடு பற்றி எரிந்தாலும் "கொஞ்சம் சூடாத்தான் இருக்கு" என்பார்கள். ஆனால் நான் அவர்களைப் பின்னால் நின்று கண்ணாடியில் பார்க்கிறவள். தன்னை யாரும் கவனிக்கவில்லை என்று நினைக்கும்போது ஒருத்தியின் முகம் என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். மார்லிஸ் வாயைத் திறந்தாலே ஆர்டிஸின் கீழுதடு உள்ளே போய்விடும்.

ஆர்டிஸ் எங்கள் மாவட்டத்தின் தணிக்கையாளர். சொத்து வரி, வாக்காளர் பட்டியல், தேர்தல் எல்லாம் அவள் மேசையில்தான். நான்கு வருஷத்துக்கு ஒருமுறை அவளே தேர்தலில் நிற்பாள். எதிர்த்து யாரும் நின்றதில்லை. வாக்குச்சீட்டில் அவள் பெயர் மட்டும் தனியாக இருக்கும், எல்லோரும் அதில் குத்திவிட்டு வருவோம். அவள் வீடு வீடாகப் போனதில்லை, ஒரு விளம்பரப் பலகை வைத்ததில்லை, எனக்குப் போடுங்கள் என்று ஒரு ஆளிடம் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்காமலே கிடைத்துக்கொண்டிருந்ததால் கேட்கும் பழக்கமே அவளுக்கு வரவில்லை. அதுதான் பிற்பாடு அவளைக் கவிழ்த்தது.

மார்லிஸ் வேறு ரகம். பள்ளிக்கூடம் முடிந்த கையோடு சிகாகோவுக்கு ஓடினாள். அங்கே கணக்குப் படித்து, பெரிய ஆஸ்பத்திரிகளின் கணக்கைத் தணிக்கை செய்கிற வேலைக்குப் போய், ஒரு போலந்துக்காரனைக் கட்டிக்கொண்டு, வொய்ச்சிஹோவ்ஸ்கி என்று யாராலும் முழுசாகச் சொல்ல முடியாத பெயரைச் சேர்த்துக்கொண்டாள். அவன் இறந்த பிறகு, அண்ணன் ஆர்லன் வீட்டுக்கு எதிர்வீட்டை வாங்கிக்கொண்டு ஊருக்கே திரும்பிவிட்டாள். ஆர்டிஸ் வீட்டு சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் மார்லிஸின் வாசல்.

நாத்தனாரோடு ஆர்டிஸுக்கு இருந்த கணக்கு பழையது. படுக்கையில் விழுந்த மாமியாரைக் கடைசி வரைக்கும் குளிப்பாட்டி, ஊட்டி, துணி மாற்றியவள் ஆர்டிஸ். மார்லிஸ் கிறிஸ்துமஸுக்கு விமானத்தில் வந்து இறங்குவாள், கிழவியின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிடும். சாகும்போது லெஃப்சே ரொட்டி தேய்க்கும் உருட்டுக்கட்டையை யாருக்குக் கொடுத்தாள் தெரியுமா? ஒருநாளும் லெஃப்சே தேய்த்திராத மகளுக்கு. ஆர்டிஸ் அதைப்பற்றி ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொன்னாள். அப்போது ஷாம்பு நுரையில் கண்ணை மூடியிருந்தாள். எரிச்சல் கண்ணில் மட்டும் இல்லை.

இப்போது அந்த ஜூன் மாத வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

ஆர்டிஸின் தலை முழுக்க முடி சுருட்டும் ரோலர். மார்லிஸ் தலைமேல் கவிழ்க்கும் டிரையருக்குள் இருந்தாள். நேரமாகிவிட்டது என்று டிரையரை நிறுத்தினேன். நிறுத்திய அடுத்த நொடி கதவு மணி அடித்தது. ஒரு இளைஞன், கழுத்தில் டை, கார் ஓட்டி ஓட்டிக் கசங்கிய சட்டை. மினியாபொலிஸிலிருந்து வருகிறான், கட்சி ஆள், பெயர் கிரேக். ஆர்டிஸின் அலுவலகம் இருக்கும் கோர்ட் கட்டிடத்தில் விசாரித்தானாம், ஆர்டிஸ் இங்கே இருப்பதாகச் சொல்லியனுப்பினார்களாம். பெண்களின் தலையில் ரோலர் இருக்கும்போது உள்ளே வரக்கூடாது என்கிற இங்கிதம்கூட அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மாநிலத் தணிக்கையாளர் பதவிக்கு அவர்கள் கட்சி நிறுத்தியிருந்த ஆளுக்கு நெஞ்சுவலி வந்து விலகிவிட்டாராம். மனு தாக்கல் செய்ய இன்னும் சில நாள்தான் இருந்தது. நகரத்து ஆட்களே நின்று நின்று கிராமத்துக்காரர்களுக்கு அலுத்துவிட்டது, அதனால் இந்தப் பக்கத்திலிருந்து, கணக்கு தெரிந்த, பெயர் கெடாத ஒருத்தர் வேண்டும் என்று தேடியிருக்கிறார்கள். எல்லா மாவட்டத்திலும் கேட்டபோது எல்லோரும் ஆர்டிஸ் டோர்கெல்சன் என்றுதான் சொன்னார்களாம். இதை அவன் நின்றுகொண்டே சொன்னான். கண்ணாடியில் ஆர்டிஸின் முகத்தைப் பார்த்தேன். கல்யாணத்தன்றுகூட அவள் முகம் அப்படி இருந்ததில்லை. நான் மணப்பெண் தோழியாகப் பக்கத்திலேயே நின்றவள், எனக்குத் தெரியும்.

"நீங்க நிக்கணும்" என்றான்.

"ஐயோ, நானா?" என்றாள் ஆர்டிஸ். "எனக்கு என்ன தெரியும் அதெல்லாம். என்னைவிடத் தகுதியானவங்க எத்தனையோ பேர் இருப்பாங்க."

சரியான பதில். எங்கள் ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் காப்பி வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்போம். போட்டுத்தான் இருக்கு என்பார்கள். பரவாயில்லை, சிரமப்படாதீங்க என்போம். அட, அரை கப்பாவது என்று மூன்றாவது தடவை கேட்பார்கள். சரி, இவ்வளவு சொல்றீங்க என்று வாங்கி, இரண்டு கப் குடித்துவிட்டு வருவோம். முதல் தடவையே சரி என்கிறவன் பறக்காவெட்டி. இரண்டாம் தடவையில் வாங்கிக்கொள்கிறவன் கொஞ்சம் அவசரக்காரன். பதவிக்கும் அதே மரியாதைதான். சர்ச்சில் சங்கத் தலைவியாக என்னைக் கேட்டபோது நான் மூன்று தடவை மறுத்தேன், நான்காவது தடவை கேட்கும் முன்பே வேலையை ஆரம்பித்துவிட்டேன்.

கிரேக் இரண்டாவது தடவை கேட்டான். அதுவரைக்கும் ஒழுங்காகத்தான் போனது. "யோசிச்சுப் பாருங்க, உங்களுக்கு நிச்சயமா விருப்பம் இல்லையா?"

"இல்லைப்பா, இந்த ஊர் வேலையே எனக்குப் போதும்" என்றாள் ஆர்டிஸ். சொல்லிவிட்டு மடியிலிருந்த துண்டை நீவிவிட்டாள். அடுத்த கேள்விக்குத் தயாராகிறாள் என்பது எனக்குப் புரிந்தது. நானும் சீப்பைக் கீழே வைத்தேன்.

அவன் தலையை ஆட்டினான். "புரியுது மேடம். உங்க முடிவை மதிக்கிறேன்" என்றான்.

மதிக்கிறானாம். அவன் மதிப்பைத் தூக்கிக் குப்பையில் போட. ஒருத்தி வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்கிற ஊரில் வளர்ந்தவன், பாவம், அவனுக்கு என்ன தெரியும். ஆர்டிஸின் வாய் திறந்தபடியே இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "ஆனாலும்" என்று ஆரம்பித்திருந்தால்கூடப் போதும். ஆனால் கேட்காதவனிடம் தானே போய்ச் சரி என்று சொல்வது எப்படி? அதற்கு எங்கள் பக்கத்தில் வழியே கிடையாது.

"உங்களுக்கு வேற யாரையாவது தெரியுமா?" என்று பொதுவாகக் கேட்டான்.

டிரையருக்கு அடியிலிருந்து மார்லிஸ் தலையை வெளியே நீட்டினாள். "நான் நிக்கிறேன்" என்றாள்.

அவ்வளவுதான் நடந்தது. அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மார்லிஸிடம் பேச ஆரம்பித்தான். சிகாகோவில் என்ன வேலை, எத்தனை பேர் கீழே இருந்தார்கள் என்று அவளும் கூச்சமில்லாமல் சொன்னாள். இரண்டு பேரும் காப்பி குடிக்கக் கிளம்பிப் போனார்கள். ஆர்டிஸின் ரோலர்களை நான் ஒவ்வொன்றாக எடுத்தேன்.  போகும்போது கதவருகில் நின்று, "நான் சரியாத்தானே சொன்னேன், லவோன்?" என்று கேட்டாள்.

"நீ சரியாத்தான் சொன்ன. அவன்தான் கேக்கல" என்றேன்.

அன்றிலிருந்து அவளுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. வெளியே யாருக்கும் தெரியாது. தன்னைத்தான் முதலில் கேட்டார்கள் என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, ஆர்லனிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் பெருமையடித்த மாதிரி ஆகிவிடும். பெருமையடிப்பது எங்கள் ஊரில் திருட்டுக்கு அடுத்த குற்றம். ஊர் தானாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். மார்லிஸைத் தவிரத் தெரிந்த ஒரே ஊர் ஆள் நான். நானும் அவள் சொல்லட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஒரே விஷயம் அதுதான்.

ஆர்லனுக்குத் தங்கை நிற்பதில் தலைகால் புரியவில்லை. கொட்டகையில் உட்கார்ந்து பலகைகளுக்குச் சட்டம் அடித்தான். வொய்ச்சிஹோவ்ஸ்கி என்று எழுதியதில் எழுத்து ரொம்பச் சின்னதாகி, பலகையைப் படிக்கக் காரை நிறுத்தி இறங்க வேண்டும். முதல் பலகையைத் தன் வீட்டுப் புல்வெளியிலேயே நட்டான். ஆர்டிஸ் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சனிக்கிழமை தோறும் புல்வெட்டும் வண்டியை ஓட்டுகிறவள் அவள். பலகை இருந்த இடத்தைச் சுற்றி மட்டும் வண்டியை வளைத்து வளைத்து ஓட்டினாள். ஜூலை முடிவதற்குள் அந்த இடத்தில் புல் இடுப்பளவு வளர்ந்து, பெயரில் பாதி மறைந்துவிட்டது. பலகைக்கு அடி படக்கூடாதே என்று பார்த்து ஓட்டுகிறேன் என்றாள். ஆர்லன் அதையும் நம்பி, எவ்வளவு அக்கறை பார் என்று என்னிடம் சொன்னான். இப்படி ஒரு ஆண்பிள்ளையை நான் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் திருவிழா ஊர்வலத்தில் ஆர்டிஸ் வழக்கம்போல மாவட்ட அதிகாரிகளின் திறந்த காரில் உட்கார்ந்து கையசைத்து வந்தாள். அந்த வருஷம் மார்லிஸின் கூட்டம் அந்தக் காருக்கு முன்னால் போனது. மார்லிஸ் நடந்துகொண்டே மிட்டாயை வாரி வாரி இறைத்தாள், தெரிந்தவர்களைக் கட்டிப்பிடித்தாள், குழந்தைகளோடு குதித்தாள். சனங்கள் கைதட்டினார்கள். ஆர்டிஸின் கார் வரும்போது எல்லோரும் குனிந்து மிட்டாய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். முதுகுகளைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே அவள் தெருவைத் தாண்டினாள். நான் ஒருத்திதான் நிமிர்ந்து நின்று அவளுக்குக் கையாட்டினேன். அவள் என்னைக் கவனிக்கவில்லை, முன்னால் போகிறவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நியாயமாகச் சொன்னால் மார்லிஸ் நன்றாகவே பண்ணினாள். மாநிலம் முழுக்கத் தன் பழைய காரில் சுற்றினாள். தொலைக்காட்சி விவாதத்தில், சின்ன ஊர்களின் தீயணைப்புப் படைக்காரர்களுக்கு ஓய்வூதியம் எப்படி நடக்கிறது என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதில் எனக்கே புரிந்தது. மறுநாள் பார்லரில் எல்லோரும் அதையே பேசினார்கள். ஆர்டிஸ் என்ன சொன்னாள் தெரியுமா? அந்த உதட்டுச்சாயம் அவளுக்கு எடுக்கவில்லை என்றாள். அந்தச் சாயத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவள் நான். எனக்குக் கோபம் வந்தது. அன்றைக்கு அவள் தலையை வாரும்போது கொஞ்சம் அழுத்தியே வாரினேன்.

எதிராளி கர்ட் ஹால்வர்சன் என்று ஒருவன். அவனை யாரும் பார்த்ததில்லை. வானொலியில் ஒரு விளம்பரம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தான். அது தப்பில்லை. ஆளுநர் யார் என்று எல்லோருக்கும் தெரியும், தணிக்கையாளர் யார் என்று யாருக்குத் தெரியும்? வாக்குச்சீட்டில் அந்த இடத்துக்கு வரும்போது எங்கள் சனம், வொய்ச்சிஹோவ்ஸ்கியை விட்டுவிட்டு, சர்ச்சில் கேட்டுப் பழகிய மாதிரி ஒரு பெயரைத் தேடும். ஹால்வர்சன் என்றால் எல்லோருக்கும் ஒரு சித்தப்பாவாவது இருப்பார்.

அக்டோபரில் மாநிலத் தலைநகரமான செயின்ட் பாலில் ஒரு பத்திரிகையிலிருந்து ஒரு பெண் வந்தாள். வேட்பாளரின் சொந்த ஊரைப் பற்றி எழுத வேண்டுமாம். கோர்ட் கட்டிடத்துக்குப் போய் ஆர்டிஸைப் பார்த்தாள். ஆர்டிஸ் மார்லிஸின் அண்ணி மட்டுமில்லை, மாவட்டத்தின் தணிக்கையாளரும்கூட. அவள் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்தால் இந்தப் பக்கம் முழுக்க எடுபடும். ஆர்டிஸ் அந்தப் பெண்ணுக்குக் காப்பி கொடுத்தாள், ரூபார்ப் கேக் கொடுத்தாள், கேள்விக்கு மட்டும் பதில் கொடுக்கவில்லை. நான் தேர்தல் நடத்துகிறவள், எந்த வேட்பாளரைப் பற்றியும் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றிருக்கிறாள். பத்திரிகையில் வந்தது இப்படி: வேட்பாளரின் சொந்த அண்ணி, இந்த மாவட்டத்தின் தணிக்கையாளர், அவருக்கு வாக்களிப்பாரா என்று கேட்டதற்குப் பதில் சொல்ல மறுத்துவிட்டார்.

அடுத்த வியாழக்கிழமை மார்லிஸ் ஊரில் இல்லை. பத்திரிகையை ஆர்டிஸின் மடியில் போட்டேன்.

"இது என்ன?" என்று கேட்டேன்.

"உள்ளதைத்தான் போட்டிருக்கா. நான் எப்பவும் எந்த வேட்பாளரைப் பத்தியும் பேசினதில்ல. வழக்கம் அதுதான்."

"வழக்கம் வாயைத்தானே மூடச் சொல்லுது? மூஞ்சியையும் திருப்பிக்கச் சொல்லுதா?"

அவள் பத்திரிகையை மடித்துத் தள்ளி வைத்தாள். கண்ணாடியில் அவள் முகம் அமைதியாக, கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. ஒரு தப்பும் செய்யாமல் ஒருத்தியைக் கீழே தள்ள முடியும் என்று அன்றைக்குத்தான் நான் நேரில் பார்த்தேன். எனக்கு ஆர்டிஸை ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் இதைச் சொல்கிறேன், பிடிக்காதவளைப் பற்றி நான் இவ்வளவு நேரம் செலவழிக்க மாட்டேன்.

மார்லிஸ் திரும்பி வந்ததும் சிலர் அவளிடம் அந்தப் பத்திரிகையைக் காட்டி ஏற்றிவிடப் பார்த்தார்கள். அவள் சிரித்தாளாம். "ஆர்டிஸுக்குச் சட்டம்னா சட்டம்தான். அவளை மாதிரி நேர்மையா ஒருத்தியைக் காட்டுங்க பார்ப்போம்" என்றாளாம். இதை ஆர்டிஸிடம் போய் யாரோ சொன்னார்கள். அவள் அடுப்படியில் ஒரு பாத்திரத்தைத் தூக்கித் தொட்டியில் போட்ட சத்தம் தெருவரைக்கும் கேட்டது என்று ஆர்லன் சொன்னான். நாத்தனார் தன்மேல் கோபப்பட்டிருந்தால் அவளுக்கு ஆறியிருக்கும். நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாளே என்பதுதான் தாங்கவில்லை.

தேர்தல் நவம்பரில் நடந்தது. எங்கள் மாவட்டத்தின் வாக்குகளை எண்ணி, கூட்டி, கையெழுத்துப் போட்டு அனுப்பியவள் ஆர்டிஸ். அதில் ஒரு குறையும் யாரும் சொல்ல முடியாது. எங்கள் மாவட்டத்தில் மார்லிஸ்தான் முன்னால் வந்தாள். ஆர்டிஸின் வாக்கு அதில் இருந்ததா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. மாநிலம் முழுக்கக் கூட்டியபோது ஹால்வர்சன் ஜெயித்துவிட்டான். பெரிய வித்தியாசம் இல்லை. இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தால் இவள் பக்கம் சாய்ந்திருக்கும்.

ஆர்டிஸ் இனி நிம்மதியாகத் தூங்குவாள் என்று நான் நினைத்தேன். மறுநாளே மார்லிஸின் வாசலில் கார்கள் வரிசையாக நிற்க ஆரம்பித்தன. சாவு வீட்டுக்குக் கொண்டுபோகிற மாதிரி ஆளாளுக்கு ஹாட்டிஷ் செய்து எடுத்துக்கொண்டு போனார்கள். கறி, நூடுல்ஸ், மேலே உருளைக்கிழங்கு, எல்லாம் ஒரே தட்டில் வேகவைத்தது. துணி போர்த்திய தட்டுகள். உள்ளே போனவர்கள் சீக்கிரம் வெளியே வரவில்லை. ஆர்டிஸ் ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். "தோத்தவளுக்கு என்ன ஒரு உபசாரம்" என்று என்னிடம் சொன்னாள். "எனக்கும்தான் போச்சு. என் வீட்டுக்கு யாராவது ஒரு தட்டு தூக்கிட்டு வந்தாங்களா?"

"உனக்குப் போச்சுன்னு யாருக்குடி தெரியும்?" என்றேன்.

"அதான்" என்றாள். கண் கலங்கிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. ஜெயித்தாலும் மார்லிஸ், தோற்றாலும் மார்லிஸ். தனக்கு நடந்தது நஷ்டம் என்று சொல்லி அழக்கூட இவளுக்கு ஒரு இடம் இல்லை.

அந்த மாதக் கடைசியில் சர்ச்சின் கீழ்த்தளத்தில் லூட்டஃபிஸ்க் விருந்து. சாம்பல்காரத் தண்ணீரில் ஊறவைத்து அவித்த மீன், உருக்கிய வெண்ணெய், உருளைக்கிழங்கு. அதன் வாசனை ஒரு வாரத்துக்குப் போட்டிருந்த கோட்டுத் துணியை விட்டுப் போகாது. நீள மேசையில் மார்லிஸும் ஆர்லனும் ஒரு பக்கம், எதிரே ஆர்டிஸும் நானும். பாதிரியார் வந்து மார்லிஸின் தோளைத் தொட்டு, இந்த ஊருக்கே நீ பெருமை சேர்த்தாய் என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். ஊரை விட்டுப் போகாத ஒருத்தியாக இருந்தால் ஐயோ, அதெல்லாம் ஒன்றுமில்லை என்று தட்டைப் பார்த்திருப்பாள். மார்லிஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பெருமை எனக்கு இல்ல. அவங்க என்னைத் தேடி வரவே இல்ல. ஆர்டிஸைத்தான் கேட்டாங்க. இரண்டு தடவை கேட்டாங்க, அவ வேண்டாம்னுட்டா. அப்புறம்தான் நான்" என்றாள்.

 பக்கத்து மேசையும் திரும்பிப் பார்த்தது. ஜூன் மாதத்திலிருந்து ஆர்டிஸ் எதற்காக ஏங்கினாளோ அது நடந்துவிட்டது. ஊருக்குத் தெரிந்துவிட்டது. அதுவும் அந்த நாத்தனாரின் வாயாலேயே. நான் மேசைக்கடியில் அவள் முழங்காலைத் தட்டினேன்.

தானியக் கிடங்கை நடத்தி ஓய்வுபெற்ற பால்மர் ஸ்டென்ஸ்ரூட் ரொட்டியை மென்றுகொண்டே யோசித்தார். "டோர்கெல்சன்னு பேர் இருந்திருந்தா ஹால்வர்சன் எங்க நின்னிருக்கப் போறான்? இந்தப் பொண்ணே இவ்வளவு பக்கத்துல வந்துடுச்சு. ஆர்டிஸ் நின்னிருந்தா ஜெயிச்சிருக்கும்" என்றார்.

ஆமாம் என்றார் பக்கத்தில் இருந்தவர். சந்தேகமே இல்லை என்றார் இன்னொருவர். மார்லிஸே தலையாட்டினாள், நானும் அதைத்தான் நினைத்தேன் என்றாள். சுற்றிச் சுற்றி எல்லோரும் அதையே சொன்னார்கள். ஆர்லன் மட்டும் வாயைத் திறந்தபடி தன் பெண்டாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "என்கிட்ட சொல்லவே இல்லையே. ஏன் வேண்டாம்னு சொன்ன?" என்று கேட்டான்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நான் மனசார வேண்டாம் என்று சொல்லவில்லை, முறையாகக் கேட்டிருந்தால் நின்றிருப்பேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆசை இருந்தது என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் வெண்ணெய்க் கிண்ணத்தைப் பால்மர் பக்கம் நகர்த்தினாள்.

"எனக்கு எதுக்கு அதெல்லாம்?" என்றாள்.

மேசையே மகிழ்ந்துபோனது. பதவியைத் தேடி ஓடாதவள், நம்ம ஆர்டிஸ் என்றார்கள். பாதிரியார் இன்னும் கொஞ்சம் விட்டால் அதையே ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கமாக ஆக்கியிருப்பார். மீன் தட்டு மறுபடி சுற்றி வந்தது. ஆர்டிஸ் எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். அவள் தட்டில் இருந்தது அப்படியே இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை மார்லிஸ் சிகாகோவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். ஆர்டிஸ் தனியாக வந்தாள். முடியை நனைத்து வாரினேன். இப்போதாவது மனசு ஆறியிருக்குமே, ஊரே அவள் பக்கம் பேசிவிட்டதே என்றேன். மார்லிஸ் மேல் இன்னும் எரிச்சல் இருக்கிறதா என்றும் கேட்டேன். எனக்கும் வாய் சும்மா இருக்காது.

கண்ணாடியில் என்னை நேராகப் பார்த்தாள்.

"மார்லிஸ் மேல பொறாமைப்பட்டது நல்லா இருந்துச்சு, லவோன். எதிர்வீட்டுல இருந்தா. ஜன்னல்ல நின்னு பார்த்துப் பார்த்துத் திட்டிக்கலாம். தோத்தா சந்தோஷப்பட்டுக்கலாம். இப்ப வேற ஒருத்தி வந்துட்டா. அவன் கேட்டதும் சரின்னு சொல்லிட்ட ஆர்டிஸ். ஜெயிச்சு, செயின்ட் பால்ல பெரிய ரூம்ல உட்கார்ந்திருக்கா. எல்லாருமா சேர்ந்து அவளைக் கொண்டுவந்து உட்கார வெச்சுட்டாங்க. அவளைத்தான் எனக்குப் பொறுக்கவே மாட்டேங்குது. அவ தோக்கவும் மாட்டா."

 நான் ஒரு ரோலரை எடுத்து அவள் முடியைச் சுற்ற ஆரம்பித்தேன்.